கறுப்பு ஹெட்செட்டும் கீறல் காயும்

காதுக்குள் வைத்துக் கேட்கிற ஹெட்செட் நாலு என்னிடம் இருக்கிறது. நாலும் மலிவானவை. பாட்டுக் கேட்பதற்கென்று ஒன்றைக்கூட நான் வாங்கவில்லை. எல்லாம் தேங்காய் கேட்பதற்காக வாங்கியவை. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே இருக்கிற தோப்புகளில், ஒரு தேங்காயைத் தட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல என்னைப்போல் ஆள் கிடையாது என்று முப்பது வருஷமாகப் பேச்சு. நானாக அதைச் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை.

வேலை இதுதான். உரித்த காயை ஒரு கையில் எடுத்து, மறு கையில் சின்னதாக, நன்றாக முற்றி இறுகிய இன்னொரு காயை வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். நல்ல காயானால் கணீரென்று ஒரு சத்தம் வந்து, போகாமல் கொஞ்சம் நிற்கும். முற்றாத காயில் சத்தம் தண்ணீருக்குள் அமுங்கிக் கேட்கும். கீறல் விழுந்த காய்தான் மோசமானது. மயிரிழை போலத்தான் கீறல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துப்போகும். அந்தக் காய் நாலைந்து நாளில் உள்ளே கெட்டுவிடும்.

எங்கள் குடோன் முதலாளி உத்தமபாளையத்துக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்பார். தோப்பில் காய் வெட்டிக் குவித்த பிறகு அவர் போய்ப் பார்ப்பார், என்னையும் ஜீப்பில் கூட்டிப்போவார். குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து உரித்து என் முன்னால் வைப்பார்கள். நான் தட்டிப் பார்த்து ‘எடுக்கலாம்’ என்பேன், இல்லையென்றால் ‘வேண்டாம்’ என்பேன். அதற்குப் பிறகுதான் பாய் வாயைத் திறந்து விலை பேசுவார். தோப்புக்காரர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன ஐப்பசி மழையில் என் முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. குத்த வைத்து உட்காரக் கூடாது, உயரம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பில் ஏற முடியவில்லை. வாய்க்கால் கரையில் நடந்து தோப்புக்குள் போவது அதைவிடச் சிரமம். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பாய் குடோனில் எனக்கு ஒரு சேர் போடச் சொன்னார்.

“அக்கா, இனிமே தோப்புக்கு ஒங்க நாத்தனாவக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க இங்கன நெழல்ல உக்காந்து வர்ற காயத் தட்டிப் பிரிங்க. போதும்.”

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரருடைய தங்கை. என்னைவிட எட்டு வயது இளையவள். அதே குடோனில் இருபது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து காய் தட்டுகிறவள். அவள் காதைக் குறை சொல்ல முடியாது. அதனால் வேறு குறையைச் சொன்னேன்.

“அவ காது நல்ல காதுதேன் பாய். வாயிதேன் வராது. தோப்புக்காரவுக ஒரு டம்ளர் டீயக் குடுத்துட்டா, அவுக மூஞ்சிக்கு நேரா ஆகாதுன்னு சொல்ல இவளுக்கு நாக்கு எந்திரிக்காதே.”

பக்கத்தில் காய்க்குக் குடுமி திருத்திக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “ஒனக்கு எந்திரிக்கிற நாக்குல பாதி எனக்கு இருந்திருந்தா, நான் எப்பவோ கவுன்சிலரா ஆயிருப்பேன் மதினி.”

உரிக்கிற ஆட்கள் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். சிரிக்கும்போது கேட்டால் எதுவும் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போதே கேட்டுவிட்டேன்.

“இவ அங்கன தட்டட்டும். அந்தச் சத்தத்தப் போன்ல புடிச்சு எனக்கு அனுப்பட்டும். நான் இங்கன கேட்டுட்டுச் சொல்றேன். சொல்ல வேண்டியது என் வாயி. யாரும் இவள மொறைக்க மாட்டாக.”

“போன்லயா? தேங்காயவா?” என்றார் பாய்.

“பேச்சு வருதுல்ல? சத்தமும் வரும்.”

ஒரு மாதம் பார்ப்போம் என்றார். தோப்புக்குப் போகிற காது என்னுடையதா, அவளுடையதா என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளும் அப்படி நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

முதல் தடவை அவள் தோப்பிலிருந்து நேராகப் போன் போட்டே தட்டினாள். எனக்கு அவள் பேசியது கேட்டது, தோப்பில் நாய் குரைத்ததுகூடக் கேட்டது, காய் மட்டும் கேட்கவில்லை. தட்டுகிறாயா இல்லையா என்று நான் கத்த, கை வலிக்கத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் கத்தினாள். அப்புறம் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிற மாதிரி சத்தத்தைப் பிடித்து அனுப்பச் சொன்னேன். அதில் காய் கேட்டது. ஆனால் போனைக் காதில் வைத்துக் கேட்டால் எல்லாக் காயும் தகர டப்பா மாதிரி இருந்தது. தெருவில் ஒரு வண்டி போனால் அந்தத் தகரமும் காணாமல் போனது.

பாய் தன்னுடைய வயரில்லாத ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வீடியோவில் பார்த்தபோது, நாத்தனார் ஒரு காயைத் தட்டிவிட்டுக் கீழே வைத்து அடுத்ததை எடுத்த பிறகுதான் முன் காயின் சத்தம் வந்தது. கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். எந்தச் சத்தம் எந்தக் காய்க்கு என்று தெரியாமல் நான் என்ன சொல்வது? திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாத்தனார் கம்பம் சந்தையில் தள்ளுவண்டிக்காரரிடம் ஒன்று வாங்கி வந்தாள். அது ஒரு வாரம் பேசியது. பிறகு இடது பக்கம் நின்றுபோனது.

அதனால் நானே கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போன் சாமான் விற்கிற கடை. ஆட்டோவில் போய் இறங்கினேன். ஒயர் கூடையில் மூன்று காய் கொண்டுபோயிருந்தேன்: ஒன்று நல்லது, ஒன்று முற்றாதது, ஒன்று கீறல். மூன்றையும் வீட்டிலேயே தட்டி, சத்தத்தைப் போனில் பிடித்தும் வைத்திருந்தேன். நேராகத் தட்டினால் எப்படி, ஹெட்செட்டில் எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா?

கடைக்காரர் நாற்பது வயதுக்காரர். கூடையைப் பார்த்தார்.

“என்ன பாட்டுப் போடட்டும் ஆத்தா? சாமி பாட்டா, பழைய பாட்டா?”

“பாட்டெல்லாம் வேணாம்யா. இத அமுக்கு.”

போனை வாங்கித் தன் காதில் வைத்து முதலில் அவர் கேட்டார். “என்னத்தா இது, யாரோ கதவத் தட்டுறாக?”

“கதவு இல்ல. காயி.”

செல்போனுக்குக் கவர் மாட்ட வந்து நின்ற ஒருவர், “கடைய மாத்தி வந்துட்டாகளோ?” என்றார். நான் கூடையிலிருந்து காயை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்துத் தட்டிக் காட்டினேன். கடைக்காரர் பதறிப்போய்க் காய்க்கு அடியில் ஒரு துணியை விரித்தார். விஷயத்தைச் சொன்ன பிறகு அவருக்கும் அக்கறை வந்துவிட்டது. நேராகப் போன் போட்டபோது காய்ச் சத்தம் ஏன் வரவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்.

“கால் பேசுறப்ப மனுசன் பேச்ச மட்டுந்தேன் அது எடுத்துக்கிரும் ஆத்தா. மத்ததெல்லாம் எரைச்சல்னு தள்ளி விட்ரும். நீங்க தட்டுறதும் அதுக்கு எரைச்சல்தேன்.”

முப்பது வருஷம் நான் சோறு தின்றது அந்த இரைச்சலில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று ஹெட்செட் எடுத்துக் கொடுத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று வெள்ளி நிறம், ஒன்று கறுப்பு. ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் இருக்கும். அதில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. இது முக்கியம் என்றார். ரப்பர் காதை அடைத்துக்கொண்டு உட்காராவிட்டால் எந்த ஹெட்செட்டும் சோனியாகத்தான் பேசும். எனக்கு வலது காதுக்குச் சின்னது சரியாக இருந்தது, இடது காதுக்கு நடுத்தரம். இரண்டு காதும் ஒரே அளவு இல்லை என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளையில் கேட்டேன். காயின் சத்தம் ஒல்லியாக வந்தது. பழுது சொல்ல முடியாது, ஆனால் சதைப்பிடிப்பு இல்லை. நல்ல காயும் ஒல்லிதான், கீறல் காயும் ஒல்லிதான். வெள்ளி நிறத்தில் எல்லாமே கண்ணாடி டம்ளரைத் தட்டியது போலக் கூர்மையாகக் காதில் குத்தியது. மூன்று காயும் கேட்டு முடிப்பதற்குள் பல் கூசியது. கறுப்பை மாட்டினேன். அம்மாடி! நல்ல காயின் சத்தம் கோயில் முரசு மாதிரி நெஞ்சு வரைக்கும் இறங்கியது. நேராகத் தட்டும்போதுகூட அவ்வளவு நிறைவாக நான் கேட்டதில்லை. அந்தக் காயையே மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியவில்லை.

“இதக் குடுய்யா,” என்றேன்.

கடைக்காரர் தயங்கினார். “ஆத்தா, இது பாட்டுக் கேக்குறவுகளுக்குப் போட்டது. அடிச் சத்தத்தக் கூட்டி விட்ருப்பான். ஒங்க வேலைக்கு வெள்ளையே போதும். வெலையும் கம்மி.”

“நல்லதக் கண்ணுல காட்டிட்டு மட்டத்த எதுக்குய்யா என் தலையில கட்டுற? முப்பது வருசமாச் சத்தம் பாக்குறவ நான்.”

கறுப்பையே கட்டிக் கொடுத்தார். ஒரு காயையாவது கடைக்கு விட்டுப்போங்கள், சாயங்காலம் சட்னி அரைக்கலாம் என்று கவர் மாட்ட வந்தவர் கேட்டார். முற்றாத காயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதல் இரண்டு தோப்பும் நன்றாகப் போயின. நாத்தனார் சத்தம் அனுப்புவாள். குடோனில் சத்தம் அதிகம் என்பதால் நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, கறுப்பை மாட்டிக்கொண்டு கேட்பேன். ‘எடுக்கலாம்’ என்று சொல்லி அனுப்புவேன். வந்த காய் நன்றாகவே இருந்தது. தோப்பே நல்ல தோப்பு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. என் காதால்தான் என்று நினைத்தேன். பாயும் அப்படித்தான் நினைத்தார். “அக்கா வீட்டுல இருந்தே வேல பாக்குறாக, ஐ.டி. கம்பெனி மாதிரி,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

மூன்றாவது கூடலூர்ப் பக்கத்துத் தோப்பு. அங்கே வெட்டுகிறபோது காய் கல்லில் விழும், தோப்புக்குள் அத்தனை கல். எனக்கு இது தெரியும். கம்பத்தில் ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்கும் சாமி காரியத்துக்கும் காய் கேட்டிருந்தார்கள், அதற்காகத்தான் அந்தக் குவியலைப் பார்க்கப் போனார்கள். கல்யாண வீட்டுக் காயில் ஒன்றுகூடக் கெட்டது போகக் கூடாது. பையில் போய் வீட்டில் உடைத்துப் பார்த்துக் கெட்டிருந்தால், அதை யாரும் தேங்காயோடு விட மாட்டார்கள், பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துப் பேசுவார்கள்.

நாத்தனார் முப்பது காய் தட்டி அனுப்பினாள். கேட்டேன். எல்லாம் முரசுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நெஞ்சில் வந்து விழுந்தது. எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். உடனே அவளிடமிருந்து ஒரு பதில் வந்தது.

“மதினி, நல்லாக் கேட்டுக்கிட்டயா? வேணும்னா இன்னொருக்கா கேளேன்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்டதை இவள் இன்னொரு முறை கேட்கச் சொல்வதா? “ஒரு தடவ கேட்டாப் போதும் எனக்கு. ரெண்டு தடவ கேக்குறவளா இருந்தா நீதேன் இங்கன உக்காந்திருப்ப,” என்று சொல்லி அனுப்பினேன்.

காய் குடோனுக்கு வராமல், தோப்பிலிருந்தே நேராக வேனில் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே பந்தக்கால் ஊன்றும்போது ஒரு காயை உடைத்திருக்கிறார்கள். உள்ளே கறுத்துப்போய்க் கிடந்திருக்கிறது. அடுத்ததை உடைத்தார்களாம், அது நன்றாக இருந்ததாம். ஆனால் முதல் காய் முதல் காய்தானே? மத்தியானம் மொத்தத்தையும் அதே வேனில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் வேனோடு வந்து, குடோன் வாசலில் நின்று பாயை நிற்க வைத்துக் கேட்டார். நாலு பேர் பார்க்கப் பாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேறு மண்டியில் காய் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்.

நான் சேரில் உட்கார்ந்தபடியே, திரும்பி வந்த காயைக் கேட்டு வாங்கித் தட்டினேன். முதல் காய் நல்லது. இரண்டாவதைத் தட்டியதுமே சத்தம் அங்கேயே செத்தது. வேறொன்று எடுத்தேன், அதுவும் அப்படி. ஒரு கூடையில் நாலில் ஒன்று கீறல். இதைக் கண்டுபிடிக்க என் காதுகூட வேண்டாம், நேற்று வேலைக்கு வந்தவளே சொல்லிவிடுவாள்.

சாயங்காலம் பாய் என் சேருக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அக்கா, ஒங்க மேல ஒண்ணும் தப்புச் சொல்ல மாட்டேன். ஒங்களுக்கு வந்த சத்தம் நல்ல சத்தம், அதனால நீங்க நல்லதுன்னு சொன்னீக. ஆனா அங்கன ஒங்க நாத்தனா நல்ல காயாப் பொறுக்கித் தட்டிருக்கணும். தோப்புக்காரவுக ஏதோ சொல்லி மயக்கிருக்காக. இனிமே அவளத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போகல. தேவதானப்பட்டியில ஒருத்தரு இருக்காரு, அவரப் பேசி வைக்கிறேன். நீங்க குடோன்ல எப்பவும்போல இருங்க.”

தோப்புக்குப் போகிற நாளுக்கு அவளுக்குச் சம்பளம் கூட. அதைவிட, இருபது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் ஜீப்பில் முன் சீட்டுக் கிடைத்திருந்தது. அதுவும் போய், காய் மாற்றிவிட்டாள் என்கிற பேரும் வரப்போகிறது. என் பேருக்கு ஒரு சேதமும் இல்லை.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. “பாப்போம் பாய்,” என்று மட்டும் சொன்னேன். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் செய்யவில்லை என்றால் என் காது கேட்கவில்லை என்று ஆகிறது. அதை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. நான் குடோனில் திரும்பி வந்த காயிலிருந்து பத்து எடுத்து வைத்துக்கொண்டேன். ஆறு நல்லது, நாலு கீறல். கீறல் காய்க்குச் சாக்கட்டியால் கோடு போட்டேன். பத்தையும் வரிசையாகத் தட்டிப் போனில் பிடித்து, கறுப்பை மாட்டிக் கேட்டேன்.

பத்தும் முரசு.

கோடு போட்ட காய்தான் என்று தெரிந்தே கேட்டேன். அப்போதும் முரசு. பிறகுதான் புரிந்தது. கீறல் காயில் சத்தம் தட்டிய இடத்தில் செத்துப்போக வேண்டும். இந்தக் கறுப்பு எந்தச் சத்தத்தையும் சாக விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் தன்னுடைய ‘தும்’மைப் போட்டுத் தூக்கி நிறுத்தியது. இதில் கேட்டால் கெட்ட காயே கிடையாது. கடையில் நான் நல்ல காயை மட்டும் மூன்று தடவை கேட்டேனே தவிர, கீறல் காயை ஒரு தடவைதான் கேட்டேன், அதையும் கேட்டேன் என்று பேர். ஹெட்செட் வாங்கப் போனவள் கெட்ட காயைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். காய் வாங்கும்போது எனக்கு இது தெரியும். கேட்க இனிமையாக இருந்ததில் மறந்துபோனேன்.

ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போய் வெள்ளையும் வெள்ளியும் வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். கடை வாசலில் நின்றே கேட்டேன். வெள்ளியில் கீறல் தெரிந்தது. ஆனால் நல்ல காயிலும் இரண்டு கீறல் மாதிரி கேட்டது, அது எல்லாவற்றையும் சந்தேகப்பட்டது. வெள்ளையில் அதே ஒல்லிச் சத்தம்தான். ஆனால் அந்த ஒல்லியில் ஆறு நின்றது, நாலு செத்தது. கோடு போட்ட நாலு.

அன்றைக்கும் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு தெருதான் தள்ளி. முழங்காலைச் சாக்குச் சொல்லிக்கொண்டேன். கடைக்குப் போக மட்டும் முழங்கால் வந்தது.

அடுத்த நாள் அவளே குடோனுக்கு வந்தாள், மீதிச் சம்பளம் வாங்க. பாயும் இருந்தார், உரிக்கிற ஆட்கள் நாலு பேரும் இருந்தார்கள். அவள் வாசலைத் தாண்டும் முன்னால் நான் சேரிலிருந்து எழுந்து நின்றேன். எழுந்து நின்றால்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

“பாய், இவ காய மாத்தல. சரியாத் தட்டித்தேன் அனுப்பிருக்கா. எனக்குத்தேன் கேக்கல.”

பாய்க்கு விளங்கவில்லை. பத்துக் காயையும் வரிசையாக வைத்து, அவர் காதில் கறுப்பை மாட்டிக் கேட்க வைத்தேன். பிறகு வெள்ளையை மாட்டினேன். அவருக்குத் தேங்காய்க் காது இல்லை. இருந்தாலும் ஏழாவது காயில் புருவம் சுருங்கியது. உரிக்கிறவர்களும் ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தார்கள்.

“அப்ப ஹெட்செட்டுதேன் தப்பு,” என்றார் பாய்.

“ஹெட்செட்டு என்ன செய்யும்? கடக்காரரு வெள்ளயத்தேன் குடுத்தாரு. நாந்தேன் வேணாம்னு இதப் புடுங்கிக்கிட்டு வந்தேன். இன்னொருக்கா கேளுன்னு இவளும் சொன்னா. அதையும் கேக்கல.”

நாத்தனார் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? ரெண்டு நாளா சோத்துல கை வைக்கல நானு. எம் மகன் வந்து, ஏம்மா, எவ்வளவு குடுத்தாகன்னு கேக்குறான். எங்கிட்டப் போயி!”

“நேத்தைக்குத்தேன் தெரிஞ்சுச்சு.”

“நேத்தைக்குத் தெரிஞ்சதுக்கு இன்னைக்கா வருவாக? எம்புட்டு தூரம் எங்க வீடு? கேரளாவா?”

பாய் நடுவில் புகுந்து அவளிடம் கேட்டார்: “சரி, தட்டும்போது ஒனக்கே கீறல்னு தெரிஞ்சிருக்குமே. நீ ஏன் சொல்லல?”

“தெரிஞ்சுச்சு. கை வச்சதுமே தெரிஞ்சுச்சு. மதினி நல்லதுன்னு சொன்ன பெறகு நான் என்னத்தச் சொல்ல? அவுக காதுக்கு மேல என் காதான்னு நெனச்சேன். எனக்குத்தேன் காது போச்சோன்னு வேற பயந்துக்கிட்டேன்.”

என்னைத் திட்டும்போதுகூட அவள் என்னை ‘அவுக’ என்றுதான் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

தேவதானப்பட்டிக்காரருக்குப் பாய் சொல்லியனுப்பவில்லை. நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமலே பக்கத்தில் உட்கார்ந்து தட்டினாள். எட்டாம் நாள் வெற்றிலையைக் கிள்ளி, என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். அதற்குள் நான் பாயிடம் ஒரு ஏற்பாடு சொல்லியிருந்தேன். இனிமேல் தட்டி முடித்ததும், எனக்குச் சத்தம் அனுப்பும் முன்னாலேயே அவள் பாயை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நான் கேட்டு என்னுடையதைச் சொல்வேன். யாரும் யாரையும் பார்த்துச் சொல்லக் கூடாது.

“எனக்குச் சொல்ல வாய் வராதுன்னு சொன்னது யாரு?” என்று கேட்டாள் அவள்.

“வரவழச்சுக்க,” என்றேன்.

போன வாரம் பாய் ஒரு தோப்பிலிருந்து கூப்பிட்டார். சத்தம் எனக்கு வந்திருந்தது. வெள்ளையை மாட்டி, ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, மூன்று தடவை கேட்டேன். இருபத்தைந்து காயும் நின்றது. ஒன்றுகூடச் சாகவில்லை.

“என்னக்கா, ஒங்களுக்கு எப்பிடி?”

“எனக்கு நல்லாத்தேன் கேக்குது பாய். அவ என்ன சொன்னா?”

“அவ ஆகாதுங்குறா. ஏதோ ஒரு மாதிரி இருக்காம். எப்பிடின்னு சொல்லத் தெரியலங்குறா. தோப்புக்காரரு டீ வாங்கப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள சொல்லுங்க.”

நான் நாலாவது தடவையும் கேட்டேன். நல்ல காய்தான். என்னைக் கேட்டால் இன்றைக்கும் நல்ல காய் என்றுதான் சொல்வேன்.

“அப்ப வேணாம் பாய். காயி அவ கையில இருக்கு. எங்கிட்ட இருக்குறது சத்தந்தேன்.”

அந்தக் குவியலை வேறு யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். அது எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. நல்ல காய்தான், நீ கெடுத்துவிட்டாய் என்று நான் அவளைச் சீண்டிக்கொண்டிருக்கிறேன். கெட்ட காய், உன்னைக் காப்பாற்றினேன் என்கிறாள் அவள்.